நாலாவது காலணி

குவோப்பியோவில் இன்று மைனஸ் இருபத்தாறு.
நப்பிக்கு நாலு சிவப்புக் காலணி மாட்ட
வெய்க்கோவுக்குக் கால் மணி நேரம்.
மாட்டியதும் அது
சுடுமணலில் இறக்கிவிட்டதுபோல்
ஒவ்வொரு காலாய் உதறி உதறி நடக்கிறது.
சிரிக்கக்கூடாது. சிரித்தால் உட்கார்ந்துவிடும்.

சந்தைச் சதுக்கமெங்கும் உப்புத் தூவியிருக்கிறார்கள்.
சுற்றிக்கொண்டு ஏரியோரமாகப் போனார்கள்.
திரும்பும்போதுதான் பார்த்தார்:
பின்னங்கால் ஒன்று வெறுங்கால்.
அதைத் தூக்கியபடி நிற்கிறது நப்பி,
யாரிடமும் முறையிடாமல்.

கையுறையைக் கழற்றி
பாதத்தை உள்ளங்கையில் பொத்தினார்.
விரலிடுக்கில் பனி உருண்டை, மிளகளவு.
ஊதினார். உருகவில்லை. இன்னும் ஊதினார்.
யார் காலையும் இப்படி அவர் பிடித்ததில்லை.
பிரிந்துபோன ரித்வா
கேட்டால் நம்பமாட்டாள்.

பன்னிரண்டு கிலோவைக் கோட்டுக்குள் சுமந்து வீடு.
வெதுவெதுப்பாய்த் தண்ணீர், பழைய துண்டு,
நகத்தடியில் மிச்சமிருந்த உப்பு.

மறுநாள்
நூலக வேலிக் கம்பியின் நுனியில்
சிவப்பாய் ஒரு காலணி.
யாரோ பனியை உதறி
மாட்டிவைத்துப் போயிருக்கிறார்கள்.

நப்பி அதை முகர்ந்து பார்த்தது.
தன்னுடையதில்லை என்பதுபோல்
முகத்தைத் திருப்பிக்கொண்டது.