கடலுக்கடியில் எட்டு நிமிடம்

இருநூற்றுப் பத்து மீட்டர் ஆழம் என்று
சுரங்கத்தின் வாயில் ஒரு பலகை.
யோருன் அதைப் படிப்பதில்லை.
படித்தால் நினைப்பு வரும்,
நினைப்பு வந்தால்
அது வரும்.

முதல் தடவை நவம்பரில் வந்தது,
தீவிலிருந்து திரும்பும் 4.40 பஸ்ஸில்.
விரல் நுனி மரத்தது. காற்று போதவில்லை.
ஆம்புலன்ஸில் மார்பில் ஒட்டிய கம்பிகள்
நல்ல இதயம் என்றே எழுதிக் காட்டின.
நல்ல இதயம் ஏன் அப்படி ஓடியது?
அன்றிலிருந்து அதன்மேல்
கண்கொத்திப் பாம்பாய் இருக்கிறாள்.

ஸ்டியரிங்கில் ஒரு கை,
கழுத்து நரம்பில் இரண்டு விரல்.
இறக்கம் தொடங்கியதும் எண்ணிக்கை.
நார்வேஜிய மொழியில் எவரிடமும் சொல்லாத,
தனக்கே முழுசாய்ச் சொல்லிக்கொள்ளாத
கணக்கு ஒன்று உண்டு:
நான் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் துடிக்கிறது.
நான் மறந்தால்
அதுவும் மறந்துவிடும்.

சளி பிடித்த ஒரு மனநல மருத்துவர் கேட்டார்:
"பயம் இதயத்தைப் பார்த்தா,
இதயத்தைப் பற்றிய நினைப்பைப் பார்த்தா?"
பார்க்கிங்குக்கு நாற்பத்தெட்டு குரோனர் கட்டினாள்.
கேள்வியைப் பாக்கி வைத்தாள்.
நினைப்பு என்ன, பைத்தியத்தின் முன்பணமா
என்று வீட்டு அடுப்படியில்
உருளைக்கிழங்கிடம் கேட்டாள்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்.
சுரங்கத்துக்குள் நுழைந்த மறு நொடி
பள்ளிக்கூடத்துப் பையன் சிண்ட்ரேயின்
நண்டு வாளி கவிழ்ந்தது.
நடுவில் நிறுத்த இடமில்லை.
பின்னால் பதினோரு பேர் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.
ஒன்று பிரேக்கடியில் வந்து
அவள் ஷூ லேஸைப் பிடித்தது.
"தள்ளு, அந்தப் பக்கம் தள்ளு!"
என்று அவள் கத்தினாள், பையன் தவழ்ந்தான்,
யாரோ சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

வெளியே மழை. வைப்பரைப் போட்டாள்.
போட்ட பிறகுதான் உறைத்தது:
எண்ணவில்லை.
எட்டு நிமிடம்
காவலுக்கு ஆளில்லை.

அப்போதுதான் நெஞ்சு திடுக்கிட்டது.
யார் பார்த்துக்கொண்டது இவ்வளவு நேரம்?
விரல் கழுத்துக்கு ஓடியது.
அது அங்கேயே இருந்தது,
இவளைக் கேட்காமல்,
கொஞ்சம் வேகமாக.
காலடியில் நண்டு வந்தால்
எவருக்கும் ஓடுகிற வேகம்.

நிம்மதி என்று சொல்ல முடியாது.
அவமானம் மாதிரி ஒன்று.
பத்து மாதம் சம்பளமில்லாத காவல்காரி.
இருட்டில் மேய்ந்ததெல்லாம்
வேலிதானா?

மறுநாள் பழையபடி எண்ணினாள்.
விரலை எடுக்கத் தைரியம் வரவில்லை.
பதினேழாவது விளக்கு தாண்டும்போது
வேறொரு கணக்கு குறுக்கே வந்தது.
வாளியில் ஒன்பது என்றான் சிண்ட்ரே.
பிடித்துப் போட்டது எட்டு.

ஹீட்டரைப் போட்டால்
இன்னும் லேசாகக் கடல் வாடை.