பகல் பதினோரு மணி

சிறப்புக் காரணம் ஏதும் உண்டா என்று
படிவத்தில் ஒரு கட்டம்.
மாசிலாமணி எப்போதும்போல என்னைப் பார்த்தார்.
"அறுபதாம் கல்யாணம் போடவா?"
"அது கண்டியிலேயே போட்டாச்சு."
"அப்ப தேனிலவு."
ரிசப்ஷனில் சேவுகன் தலையைக் குனிந்து
கையிலிருந்த சாவியையே தேடினான்.

ஒவ்வோர் ஆவணிக்கும் ஒரு ஹோட்டல்.
உண்மைக் காரணத்தை எந்த ஊரிலும் எழுதியதில்லை.
கட்டி கரைந்த நாள் என்று எழுதினால்
கேக்கின் மேல் என்ன போடுவார்கள், பாவம்.

பினாங்கில் பிறந்தநாள் என்றோம்.
ஆறு பேர் சுற்றி நின்று கைதட்டிப் பாடிவிட்டு
யாருக்கு என்று கேட்டார்கள்.
இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையைத் தூக்கினோம்.
கண்டியில் ஏரி பார்த்த அறை.
ஏரி தெரியத்தான் செய்தது,
குளியல் தொட்டிக்குள் நின்று
இடப்பக்கமாக எட்டிப் பார்த்தால்.
வியன்னாவில் தலையணைக்கே ஒரு மெனு கார்டு.
உமி அடைத்ததைக் கேட்டு வாங்கி
தொழுவத்தில் படுத்த மாதிரி இருக்கு என்றார்,
அவ்வளவு சந்தோஷமாக.
குன்னூரில் மூன்று நாளும் மழை,
கணப்பு விறகுக்குத் தனிக் கட்டணம்,
அலமாரியில் ஒரு சீட்டுக்கட்டு,
அதில் டைமண்ட் ராணி இல்லை.

பிடித்தது எது என்று யாராவது கேட்டால்
அவர் வியன்னா என்பார், நான் குன்னூர் என்பேன்.
இரண்டும் பொய்.
மதுரையில் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
நாளுக்கு நானூறு ரூபாய் லாட்ஜ்.
முப்பத்தேழு நாள்.
விரிசல் விட்ட வாளி.
சன்னலைத் திறந்தால் கொத்துக் கரண்டிச் சத்தம்.
அங்கேதான் ஒருநாள் படியேறி வந்தவர்
கதவருகே நின்று, ஒன்றும் சொல்லாமல்,
எனக்கு விலக்கியிருந்த பரோட்டாவை
பொட்டலத்தோடு உயர்த்திக் காட்டினார்.

இந்த வருஷம் கானாடுகாத்தான்.
முன்வாசலில் நின்றால்
ஏழு நிலைக்கதவு தாண்டிப் பின்வாசல் தெரிகிறது,
அங்கே வெயிலில் ஒரு ஆடு.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே போன சேவுகன்
இரண்டாம் கட்டில் ஒரு கதவருகே நின்றான்.
"இது மட்டும் வாடகைக்கு இல்லம்மா.
பதினாறுல ஒரு பங்கு.
பங்காளி ஈப்போல இருக்காரு,
வரவும் மாட்டாரு, விக்கவும் மாட்டாரு.
வருஷம் ஒரு தடவை பூட்டுக்கு எண்ணெய் போடுவோம்."
"உள்ளே என்ன இருக்கு?"
"தெரியாதும்மா. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்."
மாசிலாமணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

செருப்பைக் கழற்றி
ஆத்தங்குடித் தரையில் பாதம் வைத்தேன்.
முழங்கால் வரை ஏறியது குளிர்ச்சி.
பர்மா தேக்குக் கட்டில், இடுப்பளவு உயரம்.
ஏறுவதற்கு முக்காலி வைத்திருக்கிறார்கள்.
இருட்டில் இறங்குவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

இந்த முறை அறைக்கு முன்பணம் கட்டிய பிறகுதான்
டாக்டர் விரலை வைத்து
இன்னொரு தடவை பார்த்துடலாமே என்றார்.
பணம் திரும்ப வராது.
நாளைப் பகல் பதினோரு மணிக்கு மேல்
போன் செய்வதாக லேபில் சொல்லியிருக்கிறார்கள்.

இரவு நண்டு ரசத்தோடு கேக்கும் வந்தது.
'இனிய நிலவு வாழ்த்துகள்'.
தேன் சமையல்கட்டிலேயே தங்கிவிட்டது.
இலையில் கேக்குக்கும் ஊறுகாய்க்கும் நடுவே
அவர் சோற்றால் ஒரு வரப்புக் கட்டினார்.
நான் நண்டுக்காலைக் கடைசிவரை உறிஞ்சினேன்,
நாக்கு எரிந்து கண்ணில் நீர் வந்தது,
நல்லவேளை.

எந்த நாட்டிலும் பக்கத்து அறைக்காரர்கள்
புகார் சொல்லுமளவு குறட்டை விடுகிறவர்
அன்று விடவில்லை.
நானும் தூங்குகிற மாதிரியே கிடந்தேன்.

காலையில் வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி.
போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது.
சேவுகன் காபியை வைத்துவிட்டுத் தயங்கினான்.
"ரூமைக் காலி பண்றது பதினோரு மணிம்மா."
"இன்னும் கொஞ்ச நேரம் தர முடியுமா, தம்பி?"
"தாராளமா. எத்தனை மணி வரைக்கும்?"

மாசிலாமணி தன் பணியாரத்தில் ஒன்றை எடுத்து
என் தட்டில் வைத்தார்.
சேவுகன் பதிவேட்டைத் திறந்து
பேனா மூடியைக் கழற்றிக் காத்திருந்தான்.