ரொட்டியின் பெயர்

படிவத்தில் எழுதியிருந்தது:
வயது பதினொன்று, அல்லது பதின்மூன்று.
பல் குறைவு. இடது காது மந்தம்.
சுவரைப் பார்த்துப் படுக்கும்.
பெயர் என்ற கட்டத்தில் வெறும் கோடு.

"குட்டிகள் இருக்கின்றன, நோல்பெர்த்தோ,
அந்தப் பக்கம் நீ போகவே இல்லையே"
என்றாள் காப்பகத்து யஸ்னா.
போனேன். எட்டுக் குட்டிகள்,
எதையோ விற்க வந்தவைபோல் எட்டும் குதித்தன.
இது மட்டும் மெல்ல எழுந்து
சோம்பல் முறித்து
என் காலணியை முகர்ந்துவிட்டு
மறுபடி சுவரிடமே போனது.
பிடித்துவிட்டது.
கல்யாண விருந்துகளில் நானும் அப்படித்தான்.

வால்பரைசோவில் வீடு என்றால் மேட்டில்தான்.
என் தெருவுக்கு நூற்று அறுபத்திரண்டு படி.
பதினெட்டாம் படியில் அது உட்கார்ந்தது.
கடலைப் பார்த்தது. என்னைப் பார்த்தது.
மறுபடி கடலை.
தூக்கிக்கொண்டேன். இருபத்துமூன்று கிலோ.
ஐம்பத்தாறு வயது முதுகு வழிநெடுகத் திட்டியது,
நாயை அல்ல.

எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
பேருந்து முழுதாக நின்ற பிறகே சாலையில் இறங்கும்.
மீன் சந்தையில் எந்தக் கை
தலையை எறியும், எந்தக் கை கல்லை எறியும்
என்று அதற்குத் தெரியும்.
புத்தாண்டு இரவு, துறைமுகம் முழுக்க வாணவேடிக்கை,
குளியலறையே பத்திரம் என்று
முன்னால் போய்ப் படுத்தது,
கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டது.

பெயர்தான் தெரியவில்லை.
கப்பல்களின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன்.
பழைய கோல்கீப்பர்கள், புயல்கள்,
என்னை விட்டுப் போனவளின் தம்பி பெயர்கூட.
கண்ணை மூடிக்கொண்டது.

ஒரு மாலை ரொட்டிக்கடை வரிசையில்
வழக்கம்போல் கேட்டேன்:
"அரைக் கிலோ மர்ரகேத்தா."
வளைந்தே கிடந்த வால்
தரையை ஒருமுறை தட்டியது.
கல்லாவிலிருந்து எடுவினா எட்டிப் பார்த்தாள்.
"மறுபடி சொல்."
சொன்னேன்.
இடுப்புக்குப் பின்னால் இருந்த நாய் முழுவதும் ஆடியது.
கடை நின்றுபோனது.
வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராய்ச் சொல்ல,
ஒவ்வொருவரிடமும் போய்
"ஆமாம், நான்தான்" என்பதுபோல் கை முகர்ந்தது.
ஒரு தபால்காரர் இரண்டு முறை சொன்னார்,
காரணமில்லாமல்.

நாலு துண்டாகப் பிரியும் ரொட்டி அது.
எங்கோ ஒரு வீட்டில், யாரோ ஒருவர்
ஆசையாக அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்
என்பது எடுவினாவின் கட்சி.
நாய்க்கு ரொட்டி பிடிக்கும், அவ்வளவுதான்
என்பது அவள் கணவன் கட்சி.
நான் இரண்டு பக்கமும் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

மலை ஏறும் மின்தூக்கியின் நெம்புகோல் என் வேலை.
இப்போது மர்ரகேத்தா என் காலடியில்,
என் மேலங்கியின் மேல்.
பயணிகளில் யாராவது
குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்:
"பாவம், இன்னும் எத்தனை நாள் இருக்கும்?"
"நீங்கள் நிற்கும் இந்தப் பெட்டிக்கு நூறு வயது,
அதை யாராவது கேட்டீர்களா?" என்பேன்,
நெம்புகோலை இழுத்தபடி.
அதற்குப் பிறகு மேலே போய்ச் சேரும்வரை
யாரும் பேசுவதில்லை.

இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பார்ப்பேன்.
தூக்கத்தில் கால்கள் ஓடிக்கொண்டிருக்கும்.
எந்தத் தெருவோ, எந்த வருடமோ,
மூட்டு வலி இல்லாத,
நான் இல்லாத ஓட்டம்.
எழுப்புவதில்லை.

விடிந்ததும் திரும்பி வந்துவிடுகிறது.
சமையலறையில்
ரொட்டிப் பையின் முன் உட்கார்ந்து
தன் பெயரைக் கேட்கிறது.