முள் நிற்கும் இடம்

லியெபாயா துறைமுகச் சந்தையில்
முப்பத்தொரு வருடம் தராசு சோதித்தவன் நான்.
தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம்,
ஈரக் காகிதம்,
பேச்சுக் கொடுத்தபடியே விளிம்பில் இறங்கும் கட்டைவிரல்,
எல்லாம் தெரியும்.
மீன் நிறுப்பவளின் தோள்பட்டையைப் பார்த்தே
எத்தனை கிராம் குறையும் என்பேன்.

ஓய்வுக்குப் பின் இந்த வேலை.
நகராட்சித் தேர்தல் முடியும்வரை
இணையத்தில் வரும் அரசியல் செய்திகளுக்கு
ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண்.
ஒரே செய்தியை இருவர் படிப்போம், தனித்தனியே.
எனக்கு இணை மதாரா,
பகலில் ட்ராம் ஓட்டுகிறவள்.

முதல் வாரம் சுலபம்.
'அதிர்ச்சி' என்று தொடங்கினால் ஒன்று.
'நம்பத்தகுந்த வட்டாரம்' மூன்று முறை வந்தால்
அந்த வட்டாரத்துக்கு வாசல் எந்தப் பக்கம் என்று
குறிப்பில் கேட்டு எழுதினேன்.
தலைப்பில் திருடனாக இருந்தவன்
ஒன்பதாம் பத்தியில்
'விசாரணைக்கு அழைக்கப்படாதவர்' ஆனான்.
சிரித்தேன்.

பொய்யே இல்லாத செய்திகள்தான் படுத்தின.
தேதி சரி, தொகை சரி, மேற்கோளும் சரி.
ஆனால் ருட்ஸீட்டிஸ் மென்றுகொண்டிருக்கும்போது எடுத்த படம்;
வீத்தோலாவுக்கு ஜன்னலோர வெளிச்சம்.
அவர் 'மழுப்பினார்', இவர் 'விளக்கினார்'.
சில கடைகளில் எடை சுத்தமாக இருக்கும்.
வீட்டில் போய்ப் பிரித்தால்
பாதி பனிக்கட்டி.

கிரேன் ஒப்பந்தம் பற்றிய செய்திக்கு
நான் ஐந்து போட்டேன். மதாரா இரண்டு.
ருட்ஸீட்டிஸின் மைத்துனனுக்குப் போனதாம் ஒப்பந்தம்.
கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள்.
"அவரிடம் பதில் கேட்டார்களா, குன்வால்டிஸ்?"
"அந்த ஆளிடம் என்ன கேட்பது?"
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ட்ராம் கதவு மூடிக்கொள்ளும் ஓசை மட்டும்.

அன்றிரவு பெயர்களை மாற்றித் தட்டச்சு செய்தேன்.
ருட்ஸீட்டிஸ் வருமிடமெல்லாம் வீத்தோலா.
மைத்துனனையும் அவருக்கே கொடுத்தேன்.
வேறு ஓர் எழுத்தைத் தொடவில்லை.
படிக்கப் படிக்கக் காது சுட்டது.
யார் இந்தப் 'பெயர் சொல்ல விரும்பாத ஊழியர்'?
டெண்டரில் தோற்ற மற்ற கம்பெனிகள் எங்கே?
தொகை மட்டும் எதற்குத் தடித்த எழுத்தில்?
கை தானாகப் போட்டது:
ஒன்று.

எந்தத் தராசிலும் முதலில்
ஒன்றும் வைக்காமல் பார்க்க வேண்டும்,
முள் சுழியில் நிற்கிறதா என்று.
சந்தையில் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன்
தட்டைக் காலி செய்யுங்கள், தட்டைக் காலி செய்யுங்கள் என்று.
தராசிலும் முள், மீனிலும் முள்.
தொண்டையில் நின்றது எது என்று
அன்றைக்குத் தெரியவில்லை.

ஐந்தை அடித்து மூன்று என்று எழுதினேன்.
அதையும் நம்ப முடியவில்லை.
நடுவில் நிற்பவனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை
இன்னொரு கட்டைவிரல்.
தவிர,
ஒப்பந்தம் நிஜமாகவே ஊழலாக இருக்கலாம்.
கிரேன் அங்கேதான் நிற்கிறது,
காற்றில் கொக்கி ஆட,
யார் மைத்துனன் என்று சொல்லாமல்.

விடியும்போது
குறிப்புக்கான கட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
'மதிப்பிட்டவருக்கு ருட்ஸீட்டிஸைப் பிடிக்காது.'
மூன்றை அப்படியே விட்டு அனுப்பினேன்.

அடுத்தது வந்தது.
நாய்களுக்குப் பூங்கா, கால்வாய்க்கரையில், இரண்டு பத்தி.
படிக்கத் தொடங்கும் முன்பே
எந்தக் கட்சி என்று
தேடிக்கொண்டிருந்தது கண்.