டைக் வீதி, இலக்கம் 41அ

அளவு நாடாவின் மறு நுனியைப் பியோன் பிடிக்கிறான்.
பிள்ளையார் கோயில்: சோலைவரி விலக்கு.
மடைப்பள்ளி: விலக்கு.
மடைப்பள்ளிச் சுவரில் முதுகு முட்டி நிற்கும்
றீற்றம்மாவின் இடியப்பக் கடை:
காலாண்டுக்கு அறுநூற்று நாற்பது ரூபா.

"சுவர் ஒண்டுதானே சேர்,
எந்தப் பாதிக்கு நான் கட்டுறது?"
என்கிறாள், ஆவி பறக்கும் தட்டைக் கவிழ்த்தபடி.

போன மார்கழி வெள்ளத்தில்
எழுந்தருளிப் பிள்ளையார் மூன்று நாள்
இவள் பரணில்தான் இருந்தவர்,
மாமூட்டைக்கும் மாதா படத்துக்கும் நடுவில்.
படிவத்தில் அதற்கொரு நிரல் இல்லை.
தேடிப் பார்த்தேன்.

ஒட்டிவிட்டு வந்தேன்.
பின்னேரம் பார்த்தால்
கோட்டையிலிருந்து இறங்கிய மான் ஒன்று
அறிவித்தலைத் தின்றுகொண்டு நிற்கிறது.
நல்ல கோதுமைமாப் பசை.
தொகை எழுதிய மூலை மட்டும்
மிச்சம்.