கடைசித் தவணை

செவ்வாய்க்கிழமை. எட்டு இருபது பஸ்.
பீட்டர்ஹெட் துறைமுக நிறுத்தத்தில்
கடல்மூட்டம் இன்னும் விலகவில்லை.
முழங்காலில் கிழித்தே விற்ற ஜீன்ஸ் ஏறியது.
பைஜாமாவோடு கல்லூரிக்குப் போகும் பெண்
கொட்டாவியோடு ஏறினாள்.
அப்புறம் லாக்லன் விஷார்ட்.

மீன்சந்தையில் ஐஸ் அள்ளுகிறவர்.
மஞ்சள் ரப்பர் உடுப்புக்கு வெளியே
அவருக்கு ஓர் உடம்பு உண்டென்று
நான் யோசித்ததே இல்லை.
இன்று கில்ட்.
பச்சையும் கருநீலமுமாய் எட்டு கெஜக் கம்பளி,
பின்னால் தைத்து நிறுத்திய கொசுவம்,
முன்னால் தோல்பை,
வலது காலுறையில் செருகிய சின்னக் கத்தி.
வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டு.
முழங்கால்கள் மட்டும் குளிரில் சிவந்திருந்தன.

"கல்யாணமா?"
"இல்லை."
"யாராவது போய்ட்டாங்களா?"
"இல்லை இஷ்பெல். ஃப்ரேசர்பர்க், ரிட்டர்ன் ஒண்ணு."

எங்கள் பக்கம் அந்த உடைக்கு
இரண்டே காரணம்தான் மிச்சம்.
மூன்றாவதை அவர் சொல்லவில்லை.
புறங்கைகளால் கொசுவத்தை வாரி ஒதுக்கி
உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தேன்.
ஒரு மடிப்பும் கசங்கவில்லை.

பின்சீட்டுப் பையன்
கில்டைக் கண்டால் உலகமே கேட்கிற
அந்தக் கேள்வியைக் கேட்டான்.
"உள்ளே என்ன போட்டிருக்கீங்க?"
"இருபத்தைந்து வருஷ வீட்டுக் கடன்.
ஒன்பதரைக்குக் கழற்றிடுவேன்."
பஸ்ஸே சிரித்தது.
அவர் சிரிக்கவில்லை.

சிக்னலில் என்னிடம் சொன்னார்:
கடன் கேட்கப் போன அன்றைக்கும் கில்ட்தானாம்.
மேனேஜர் மேசையைச் சுற்றி எழுந்து வந்து
மிஸ்டர் விஷார்ட் என்று கைகொடுத்தாராம்.
"அது வாடகை கில்ட். இது சொந்தம்."

அந்த வங்கி இப்போது காப்பிக்கடை.
சொல்லியிருக்கலாம்.
விளக்கு பச்சையாகிவிட்டது.

எனக்கு நாற்பது நிமிஷ ஓய்வு.
அதே கடையில் தூணுக்குப் பின்னால்
முட்டை ரொட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.
கம்பளித் தொப்பி போட்ட பையன் அவரிடம்
"ஹாய் பாஸ், பேரு?" என்றான்.
கோப்பையில் "லாக்" என்று மட்டும் எழுதினான்.
அவர் காசாளர் கூண்டு இருந்த இடத்தில் அமர்ந்து
தோல்பையிலிருந்து போனை எடுத்தார்,
மூக்குக்கண்ணாடியை எடுத்தார்,
எண்களை ஒவ்வொன்றாய் உச்சரித்துத் தட்டினார்.

பிறகு எழுந்து நின்றார்.
கோட்டுப் பொத்தானைப் போட்டார்.
நின்றபடியே, கட்டைவிரலால்,
கடைசித் தவணையை அழுத்தினார்.

திரையில் வண்ணக் காகிதம் சிதறியிருக்க வேண்டும்,
அவர் முகத்தில் சிவப்பும் மஞ்சளும் மின்னின.
"சூப்பர், முடிச்சிட்டீங்க!" என்று
ஒரு குட்டிப் பெண்குரல் கூவியது.
அவர் உட்காரவில்லை.
யாரோ மேசையைச் சுற்றி வரப்போவதுபோல
வலதுகை கொஞ்சம் முன்னால் இருந்தது.

நான் போயிருக்க வேண்டும்.
என் கம்பெனி மேல்சட்டையில் முட்டைக் கறை.
போன வருஷம் டை வேண்டாமென்று சொன்னபோது
டிப்போ முழுக்கக் கைதட்டினோம்,
நானும்தான்.
அந்தக் கழுத்தோடு எப்படிப் போவது?

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்,
"வங்கி மூடினது தெரியாதா?"
"தெரியும். ஆனா படிக்கட்டு அதேதான்," என்றார்.
"காகிதம்தான் ஒண்ணும் தரலை."

ரிட்டர்ன் டிக்கெட் அவரிடம் இருந்தது.
இருந்தாலும் மெஷினைத் தட்டினேன்.
கட்டணம் பூஜ்யம், தேதி, நேரம்,
ஃப்ரேசர்பர்க் முதல் பீட்டர்ஹெட் வரை,
நெளிந்துகொண்டு வந்தது ஒரு துண்டு.
"எதுக்கு?"
"ரசீது."
அவர் அதை நான்காக மடித்துத்
தோல்பையில் வைத்தார்.
கொக்கி மாட்டும் சத்தம்
எஞ்சினையும் தாண்டிக் கேட்டது.

புதன், முதல் பஸ்.
மஞ்சள் ரப்பர், மீன்வாடை.
"காலை வணக்கம், மிஸ்டர் விஷார்ட்," என்றேன்.
பின்னால் வரிசையில் நின்றவர்கள்
யாரது என்று திரும்பிப் பார்த்தார்கள்.
அவரும் பார்த்தார்.