ஏழு குழி, ஒரு நட்சத்திரம்

கடை திறந்தேன்.
கதவில்லை, கல்லாப்பெட்டி இல்லை,
வாசல் தெளிக்கிற வேலையும் இல்லை.
கோட்டையூர் மாடி அறையில்
கட்டிலுக்கடியில் பதினாறு பணியாரக் கல்.

பெயர் கேட்டது செயலி.
'சிகப்பி ஸ்டோர்ஸ்' என்றேன்.
ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளாம்.
'சிகப்பி ஸ்டோர்ஸ் 2' ஆனேன்.
முதலாமவளை இன்றுவரை பார்த்ததில்லை.

பான் கார்டு, வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி எண்.
ஓடிபி வந்து சேர்வதற்குள்
பால் பொங்கி வழிந்துவிட்டது.
நல்ல சகுனம் என்றார் வயிரவன்,
அடுப்பைத் துடைக்காமல்.

படத்துக்குப் பின்னணி வெள்ளையாக வேண்டுமாம்.
அவருடைய சலவை வேட்டியை விரித்து
நடுவில் கல்லை வைத்தேன்.
வேட்டி போனது, படம் நன்றாக வந்தது.
இதையும் முதலீட்டில் எழுதுவாயா என்றார்.
எழுதிவிட்டேன் என்றேன்.

மீராசா கடையில் கல் நானூற்றுப் பத்து.
அட்டைப்பெட்டி இருபத்திரண்டு.
கூரியர் நூற்று முப்பத்தெட்டு,
இரும்பாச்சே, கிராம் கிராமாக நிறுக்கிறான்.
செயலிக்குக் கமிஷன் தொண்ணூற்றைந்து.
விலை அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
மிச்சம் முப்பத்து நாலு.
சுற்றிச் சுற்றி ஒட்டிய டேப்பை
எந்தப் பற்றில் எழுதுவது?
ஐந்தொகை போட்டு முடித்தால்
டேப்தான் சிரிக்கும்.

எட்டு நாளில் பார்த்தவர் மூன்று பேர்.
இரண்டு தடவை நான்.
ஒரு தடவை வயிரவன், தெரியாமல் விரல் பட்டு.

ஒன்பதாம் நாள், பள்ளத்தூர் பஸ்ஸில் நிற்கையில்
'டிங்' என்றது பை.
சில்சாரிலிருந்து ஒருவர்.
எங்கே இருக்கிறது சில்சார்?
வரைபடத்தை விரலால் தள்ளிக்கொண்டே போனேன்,
என் நிறுத்தம் தாண்டிவிட்டது.
பணம், பொருள் கைக்குப் போன பிறகு.

கல் போயிற்று.
பணத்துக்கு முன்னால் கல் திரும்பி வந்தது,
பத்தொன்பது நாளில், விளிம்பில் துருவோடு.
கூடவே ஒற்றை நட்சத்திரம்:
'ஏழு ஓட்டை என்று போட்டிருந்தது.
ஒன்றுகூட ஓட்டை இல்லை.
தண்ணீர் இறங்கவே இல்லை.'

நான் எழுதியது குழி.
மொழிபெயர்க்கிற பொத்தான்
அதைத் துளைத்துவிட்டிருக்கிறது.

இரவு பதினொரு மணிக்கு
நாலு பதில் அடித்தேன்.
நாலையும் அழித்தேன்.
ஐந்தாவது:
'மன்னிக்கவும். இதில் மாவு நிற்க வேண்டும்.
விவரத்தில் தவறு எங்களுடையது.'
போகக் கூலி, வரக் கூலி.
எட்டுக் கல் விற்ற லாபம்
ஒரு சொல்லில் போயிற்று.

காலையில் துருவைத் தேய்த்து,
எண்ணெய் காட்டி, மாவு ஊற்றி,
மூன்று குழியில் வெந்தது,
இரண்டில் வேகாதது, இரண்டு காலி,
அப்படியே படம் பிடித்தேன்.
குறுக்களவு எழுதினேன். எடை எழுதினேன்.
இண்டக்‌ஷனில் ஆடும் என்று எழுதினேன்.
முதல் ஈடு ஒட்டும், இரண்டாவதும் ஒட்டலாம்,
மூன்றாவதைச் சாப்பிடுங்கள் என்று எழுதினேன்.

விற்கிறவள் குறையை எழுதுவாளா என்றார் வயிரவன்.
சில்சார் வரை போய் வருவதைவிட
இது மலிவு என்றேன்.

அடுத்த ஆர்டரைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.
காரைக்குடி, செக்காலை.
நான் டேப் வாங்கும் கடைக்கு நாலு வீடு தள்ளி.
கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம்.
விதி விடாது:
கூரியர் தம்பி சூசைமாணிக்கத்திடம் கொடுத்தேன்.
கல் மதுரை போனது,
என்ன நினைத்ததோ கோயம்புத்தூர் போனது,
திருச்சியில் ஒரு ராத்திரி படுத்தது.
அத்தனையும் என் போனில் பச்சைப் புள்ளியாக.
ஆறாம் நாள் 'ஒப்படைக்கப்பட்டது'.

ஞாயிற்றுக்கிழமை டேப் வாங்கப் போனேன்.
அந்த வீட்டு ஜன்னலில்
வெங்காயமும் கடுகும் தாளிக்கிற வாசம்.
சுரண்டுகிற சத்தமும் கேட்டது.
முதல் ஈடாக இருக்கும்.

கதவைத் தட்டவில்லை.
இரண்டு ரோல் டேப், தொண்ணூறு ரூபாய்,
ரசீது கேட்டு வாங்கிக்கொண்டேன்.